சத்தம் கூடாத அறை

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஐந்து வருஷமாக என்னோடு பேசாதவர். தெருவில் எதிரே வந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறவர். அன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெஞ்சில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் மூச்சு வாங்க ஓடிப்போய் எதிரே நின்றதும், அவர் உதடுகள் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு பல் தெரிந்தது. புருவங்கள் மேலே ஏறியிருந்தன. "அண்ணா" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டுவிட்டார் என்று அந்த நொடியில் உள்ளுக்குள் ஸ்தோத்திரம்கூடச் சொன்னேன்.

"அது சிரிப்பு இல்லம்மா" என்றார் பக்கத்தில் நின்ற டாக்டரம்மா. "முகத்துத் தசையெல்லாம் இறுகிப் போயிருக்கு. அதான் அப்படித் தெரியுது. தங்கச்சியா நீங்க? மெதுவாப் பேசுங்க."

எங்கள் சபையில் பெண்கள் கூட்டத்தில் இதைச் சாட்சியாகச் சொல்லும்படி பல தடவை கேட்டுவிட்டார்கள். எழுந்து நின்றால் எனக்கு வார்த்தை வருவதில்லை. சாட்சி என்றால் அதற்கு ஒரு முடிவு வேண்டும். எனக்கு நடந்ததற்கு அவர்கள் எதிர்பார்க்கிற முடிவு இல்லை. ஆனாலும் வீட்டில் ஆண்டவரை நம்பாதவர்கள் இருக்க, அவர்களுக்காகத் தினமும் முழங்காலில் நிற்கிறவர்கள் எங்களில் எத்தனையோ பேர். அவர்களில் ஒருத்திக்காவது உதவுமோ என்று, குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்து எழுதுகிறேன்.

என் பெயர் கிருபா. வீட்டில் வைத்த பெயர் காமாட்சி. அப்பா, அம்மா இருவரும் நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே போய்விட்டார்கள். அண்ணன் ஏகாம்பரம் பட்டுத் தறியில் உட்கார்ந்து என்னை வளர்த்தார். நல்ல பள்ளிக்கூடம் என்று மிஷன் பள்ளியில் சேர்த்ததும் அவர்தான். ஆசிரியப் பயிற்சி முடித்த வருஷம் நான் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டேன். அண்ணன் கத்தவில்லை, அடிக்கவில்லை. தறியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. "காமுன்னு எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. நீ யாருன்னு தெரியல" என்று சொல்லிவிட்டு, ஊடை இழை ஓட்டுகிற நாடாவைத் தள்ளினார். அவ்வளவுதான். சபையில் பார்த்துச் சாமுவேல் வாத்தியாருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அண்ணன் வரவில்லை. என் மகள் மெர்சி பிறந்தபோது அண்ணி சரோஜா மட்டும் முக்காடு போட்டுக்கொண்டு பிள்ளைபெற்றாள் மருந்தோடு வந்து, அரை மணி இருந்துவிட்டு ஓடினாள்.

அந்த ஐந்து வருஷமும் குடும்ப ஜெபத்தில் அண்ணன் பெயரைச் சொல்லாத நாள் இல்லை. அவர் ஆத்துமா தப்ப வேண்டும் என்று கேட்டேன். சில நாள், நான் செய்தது சரி என்று அவர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இப்படிக் கேட்கிறேனோ என்று பாதியில் நிறுத்திவிடுவேன். பிறகு நிறுத்தினதற்கு மன்னிப்புக் கேட்பேன்.

நோய் வந்த விதம் இதுதான். தறிக்குழியில் காலால் மிதிக்கிற கட்டையில் ஒரு துருப்பிடித்த ஆணி பெயர்ந்திருந்தது. அது அண்ணனின் பாதத்தில் ஏறிவிட்டது. தறியில் இருந்தது கல்யாணப் புடவை, முகூர்த்தத்துக்குக் கொடுத்தாக வேண்டும். ஆணியைப் பிடுங்கிப் போட்டு, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பிக்கொண்டு மறுபடி குழிக்குள் காலை விட்டார். புண் மேலே மூடிக்கொண்டது. ஆறிவிட்டது என்று எல்லோரும் மறந்துபோனார்கள். பிறகு ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவருக்கு வாய் சரியாகத் திறக்கவில்லை. பல்வலி என்று அண்ணி கிராம்பு வைத்தாள். அடுத்த நாள் கழுத்து திரும்பவில்லை. அதற்கடுத்த நாள் பக்கத்து வீட்டில் யாரோ சொம்பைக் கீழே போட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு அண்ணனின் முதுகு வில் மாதிரி வளைந்து நின்றது.

அண்ணி எனக்கு ஆள் அனுப்பினாள். "நீ படிச்சவ காமு. டாக்டருங்க சொல்றது எனக்கு இன்னா புரியப் போவுது? அவரு கோச்சுக்கினா கோச்சுக்கட்டும்."

டாக்டரம்மா எங்களை ஓரமாக அழைத்துப்போய் விளக்கினார். நோயின் பெயர் ரணஜன்னி, இங்கிலீஷில் டெட்டனஸ். மண்ணிலும் சாணத்திலும் துருவிலும் இருக்கிற ஒரு கிருமி, காற்றுப் புகாமல் மூடிய புண்ணுக்குள் வளரும். அது கக்குகிற விஷம் நரம்பு வழியாக ஏறும். விஷம் ஏறிய நரம்புக்குச் சின்னச் சத்தமும் தாங்காது, வெளிச்சமும் தாங்காது, தொட்டால்கூட உடம்பிலுள்ள தசையெல்லாம் ஒரே நேரத்தில் இழுத்துக்கொள்ளும். அப்படி இழுக்கும்போது எலும்பு முறியலாம். மூச்சு நிற்கலாம்.

"இவருக்கு நினைவு இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"அதாம்மா இந்த நோயில கொடுமை. நினைவு நல்லா இருக்கும். எல்லாம் புரியும், எல்லாம் கேட்கும். வாய்தான் திறக்க முடியாது."

நம்புகிறேன் என்று வாயால் அறிக்கை செய்ய வேண்டும் என்றுதான் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அண்ணனின் வாயைப் பூட்டுப் போட்டு மூடியாகிவிட்டது.

விஷத்தை முறிக்கிற ஊசி மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. சிலருக்கு அதுவே ஆகாது என்பதால், முதலில் தோலுக்கடியில் துளி ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் முழுவதும் போடுவார்கள். இருப்பில் இருந்தது போதவில்லை. என் கணவர் பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மதராசுக்கு பஸ் ஏறினார். மருந்து சூடு படக் கூடாதென்று ஒரு பிளாஸ்கைக் கடன் வாங்கி, ஐஸ் போட்டு, அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அவர் முகத்தை அண்ணன் அதுவரை நேராகப் பார்த்ததே இல்லை.

வார்டின் கோடியில் தனி அறை. ஜன்னல்களுக்குக் கறுப்புக் கம்பளி அடித்திருந்தார்கள். வைகாசி மாசத்து வெயிலில், பட்டப்பகலில், உள்ளே இருட்டு. மயக்க மருந்தின் வாடை. கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டிருந்தார்கள். செருப்பில்லாமல்தான் போக வேண்டும். ஒருவர்தான் துணைக்கு இருக்கலாம் என்பது சட்டம். நர்சம்மா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு பேரையும் விட்டார். ஆனால் அண்ணியின் கையைப் பார்த்ததும் நின்றார்.

"கண்ணாடி வளையலைக் கழட்டிடும்மா. அந்தச் சத்தம் ஆகாது."

அண்ணி இரண்டு கையையும் மார்போடு சேர்த்துக்கொண்டாள். புருஷன் உயிருக்குப் போராடும்போது வளையலைக் கழற்றுவதா? "அத மட்டும் சொல்லாதம்மா. நா உள்ள போவலன்னாலும் பரவால்ல."

நர்சம்மா என்னைப் பார்த்தார். எனக்கு வளையல் சாஸ்திரம் கிடையாது. கழற்றுங்கள் அண்ணி, அதில் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அண்ணியின் இடுப்பில் செருகியிருந்த கழிவு நூல் கண்ணில் பட்டது. தறியில் வேலை செய்கிற பெண்கள் அறுந்த இழையைச் சுருட்டி அங்கேதான் வைத்துக்கொள்வார்கள். அதை வாங்கி, அவள் வளையல்களை ஒன்றோடொன்று சேர்த்து, அசையாதபடி சுற்றினேன். சிவப்பும் பச்சையுமாக இரண்டு கையிலும் காப்பு மாதிரி ஆகிவிட்டது. அண்ணி கையை ஆட்டிப் பார்த்தாள். சத்தம் இல்லை.

"நீ நல்லா இருப்ப" என்றாள்.

அண்ணி கட்டிலின் வலது பக்கம் உட்காருவாள். தறியிலும் அவளுக்கு அதே பக்கம்தான். அண்ணன் புடவையின் உடல் பக்கத்து நாடாவைத் தள்ள, அவள் கரைப் பக்கத்து நாடாவை வாங்கித் தள்ளுவாள். தறிச் சத்தத்தில் பேச முடியாது என்பதால், பல வருஷமாக அவர்கள் கண்ணாலேயே பேசிப் பழகியவர்கள். அவர் இமையைக் கொஞ்சம் தாழ்த்தினால், பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பாள். எனக்கு ஒன்றும் விளங்காது. நான் இடது பக்கம் உட்கார்ந்து உள்ளுக்குள் ஜெபிப்பேன். எங்கள் சபையில் எல்லோரும் வாய் திறந்து, சத்தமாக, ஒரே நேரத்தில் ஜெபிக்கிறவர்கள். வாயை மூடிக்கொண்டு ஜெபித்தால் அது ஜெபம்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. மனம் எங்கெங்கோ ஓடும். மெர்சி பக்கத்து வீட்டில் பால் குடித்தாளா என்று நினைப்பேன். நினைத்த மாத்திரத்தில் எனக்குப் பால் கசிந்து ரவிக்கை நனையும். அண்ணனின் ஆத்துமாவுக்காக உட்கார்ந்திருக்கிறவள் இப்படியா என்று வெட்கப்படுவேன்.

சாயங்காலம் கணவர் மெர்சியைத் தூக்கிக்கொண்டு கேட் வரை வருவார். அவள் தலையைக் கோணல் வகிடு எடுத்துச் சீவியிருப்பார். கஞ்சித் தூக்கு இரண்டு கொண்டுவருவார். ஒன்று எனக்கு, ஒன்று அண்ணிக்கு. "அவங்க நம்ம வீட்டுச் சாப்பாடு சாப்பிடுவாங்களான்னு தெரியல. தெரியலன்னு கொண்டு வராம இருக்க முடியுமா?" என்றார். அண்ணி முதல் நாள் தொடவில்லை. மறுநாள் தூக்கை அவளே திறந்தாள். "உப்பே இல்ல. உங்க வூட்ல யாரு சமைக்கிறாங்க, வாத்தியாரா?" என்றாள். அந்த நாட்களில் நான் சிரித்தது அப்போது மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபையார் பத்துப் பதினைந்து பேர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். வராந்தாவில் நின்று ஒரு பாட்டுப் பாடி ஜெபித்துவிட்டுப் போகிறோம் என்றார்கள். அன்போடுதான் வந்தார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டு, "வேண்டாம், பாடாதீங்க, தயவுசெய்து போயிடுங்க" என்றேன். ஜெபத்தை வேண்டாம் என்று சொன்ன விசுவாசி நான் ஒருத்திதான் இருப்பேன். அவர்கள் முகம் வாடித் திரும்பிப் போனார்கள். போகாமல் இருந்தவர் ஞானம்மாள் மட்டும்.

ஞானம்மாள் வீடு வீடாகப் போய் வேதம் சொல்லிக்கொடுக்கிறவர். ஊரில் பைபிளம்மா என்பார்கள். பள்ளிக்கூட நாட்களிலிருந்து எனக்குத் தாய் மாதிரி. வேப்பமரத்தடியில் என்னை உட்கார வைத்துச் சொன்னார்:

"நீ பாடாதேன்னது சரிதான் மகளே. ஆனா நீ அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். வாயால சொல்ல முடியலன்னா கண்ணால சொல்லட்டும். ஏத்துக்கிறியான்னு கேளு. ஆமான்னா கண்ண மூடட்டும். ஆண்டவருக்கு அது போதும்."

"சத்தம் ஆகாதுன்றாங்கம்மா. காதுகிட்ட மூச்சு விட்டாக்கூட இழுக்குது."

அவர் என் பக்கம் பார்க்காமல் சொன்னார்: "எங்கம்மா சாகறப்ப நான் பக்கத்துல இருந்தேன். சொந்தக்காரங்க சுத்தி நின்னாங்க. வெக்கப்பட்டுக்கினு கேக்காம விட்டுட்டேன். ஊருக்கெல்லாம் சொல்ற நான், எங்கம்மாகிட்ட கேக்கல. நீயும் அந்த மாதிரி ஆயிடக் கூடாது கிருபா. அது தாங்காது."

அன்றையிலிருந்து அந்தக் கேள்வி என் வாய்க்குள் ஒரு கல் மாதிரி கிடந்தது.

அண்ணிக்கு எப்படித் தெரிந்ததோ. மறுநாள் மத்தியானம் இரண்டு பேரும் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தோம்.

"காமு, உன்ன ஒண்ணு கேக்கட்டா? அவரு தலமாட்டுல உக்காந்து நீயும் வேண்டிக்கினு இருக்க. நானும் வேண்டிக்கினு இருக்கேன். நா வரதர்கிட்ட உயிரக் கேக்கறேன். நீ இன்னா கேக்கற? அவரு பொழைக்கணும்னா, மாறணும்னா?"

"ரெண்டும்தான் அண்ணி."

"ரெண்டுல ஒண்ணுதான்னு உங்க சாமி சொன்னா?"

எது பெரியது என்று எங்கள் சபையில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். உயிர் போகும், ஆத்துமா நிலைக்கும். எனக்கும் அது தெரியும். குழாயை மூட மறந்துபோய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணிதான் மூடினாள்.

"நா உன்ன கொற சொல்லல. மொதல்ல உயிரக் கேளு. மத்தத பொழச்சு வந்து அவரே பாத்துக்கட்டும்" என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

கருடசேவை நெருங்கியது. வரதராஜப் பெருமாள் கருட வாகனத்தில் சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து விடியலில் புறப்பட்டு, மேளதாளத்தோடு பெரிய காஞ்சிபுரத்து வீதிகளில் வருவார். சுற்று ஊரெல்லாம் திரளும். வேட்டு அதிரும். ஊர்வலம் போகிற வீதி ஆஸ்பத்திரிக்கு எட்டத்தில் இல்லை. எந்தச் சாமியிடம் புருஷனுக்கு உயிர் கேட்டாளோ, அந்தச் சாமி வருகிற சத்தத்துக்கே அண்ணி நடுங்கினாள். முந்தின நாள் என் கணவரையும் கூட்டிக்கொண்டு, ஊர்வலச் செலவை ஏற்றிருந்த உபயக்காரர்களிடம் போனாள். வாத்தியார் பேசுவார், அவள் பக்கத்தில் நின்று அழுவாள் என்று ஏற்பாடு. கடைசியில் வாத்தியார் அழுதுவிட, அவளே பேசினாளாம். அந்த முனையில் மேளத்தை நிறுத்திக்கொள்கிறோம், வேட்டும் போட மாட்டோம் என்று அவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

சொன்னபடியே நிறுத்தினார்கள். அதை நான் கேட்டேன். நாதஸ்வரம் நெருங்கி நெருங்கி வந்து, திடீரென்று நின்றது. அத்தனை ஜனமும் கால் சத்தம் மட்டுமாகக் கடந்துபோயிற்று. அண்ணி இருட்டில் கை குவித்துக்கொண்டிருந்தாள். ஆனால் வேட்டுக்காரர்கள் ஊர்வலத்துக்கு வெகுமுன்னால் போய்விட்டார்கள். அவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. எங்கோ மூன்று தெரு தாண்டி ஒரு அதிர்வேட்டு வெடித்தது.

அண்ணனின் உடம்பு தலையிலும் குதிகாலிலும் நின்றது. நடுவில் கட்டிலுக்கும் முதுகுக்கும் இடையே ஒரு குடத்தை நுழைக்கலாம். முகம் நீலமாகப் போயிற்று. அதே சிரிப்பு. மூச்சு வரவில்லை. நர்சம்மா ஓடிவந்து ஊசி போட்டு, ஏதேதோ செய்து, ஒருவழியாக மூச்சு திரும்பியது.

டாக்டரம்மா எங்களை வெளியே அழைத்தார். "அடுத்த தடவை இப்படி இழுத்தா மூச்சுப்பாதை முழுசா அடைச்சுடும். அதுக்கு முன்னாடி கழுத்துல, முன்பக்கம், ஒரு துளை போட்டுக் குழாய் வச்சுடணும். அது வழியா மூச்சு விடுவார். குழாய் இருக்கிற வரைக்கும் குரல் வராது. இந்த நிலைமையில ஆபரேஷனும் ஆபத்துதான். செய்யாம விட்டா அதவிட ஆபத்து."

அண்ணி கையெழுத்துப் போட்டாள். எல்லாம் தயார் செய்யக் கொஞ்ச நேரம் ஆகும் என்றார்கள். ஞானம்மாள் வராந்தாத் தூணருகே நின்றிருந்தார். காலையிலிருந்தே நின்றிருக்கிறார். என் கையைப் பிடித்தார்.

"இதான் நேரம் கிருபா. இதுக்கப்புறம் இல்லாமலே போயிடலாம். போய்க் கேளு. கண்ண மூடினா போதும்."

நான் உள்ளே போனேன்.

கட்டிலருகே மண்டியிட்டு என் வாயை அவர் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். இருட்டுக்குக் கண் பழகியிருந்ததால் அவர் முகம் தெரிந்தது. கண்களை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். எதிர்ப்பக்கம் அண்ணி உட்கார்ந்திருந்தாள். அவளும் என்னைப் பார்த்தாள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தடுக்கக் கையை எடுத்தாள். பிறகு கையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டாள். நூல் சுற்றிய வளையல்கள் பேசவில்லை.

கேள்வியை உச்சரிக்க மூச்சை இழுத்தேன். அந்த மூச்சுக்கே அண்ணனின் கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்தது. தாடையில் ஒரு துடிப்பு ஓடியது.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அப்போது உள்ளுக்குள் சொன்னது இவ்வளவுதான்: ஆண்டவரே, அண்ணன் சாகக் கூடாது. அதற்கப்புறம் ஒன்றும் சேர்க்கவில்லை. ஐந்து வருஷத்தில் ஒரு நிபந்தனையும் இல்லாமல் நான் அவருக்காகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

தள்ளுவண்டி வந்தது. நான் வெளியே வந்தேன்.

"கேட்டியா?"

"இல்லம்மா."

ஞானம்மாள் என்னைத் திட்டவில்லை. தூணடியில் அப்படியே உட்கார்ந்து என்னையும் இழுத்து உட்கார வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். உதடுகூட அசையாமல் அவர் ஜெபித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அண்ணி வந்து என் மறுபக்கம் உட்கார்ந்தாள். ஆபரேஷன் அறைக் கதவு திறக்கிறவரை மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அண்ணன் பிழைத்தார். எழுதும்போது ஒரே வரியாகப் போய்விடுகிறது. அந்த வரிக்குள் எத்தனையோ நாட்கள். குழாயில் சளி அடைக்கும். நர்சம்மா உறிஞ்சி எடுக்கிற ஒவ்வொரு தடவையும் எங்கள் மூச்சும் நிற்கும். மூக்கு வழியாக விட்ட ரப்பர் குழாயில் பாலும் கஞ்சித் தெளிவும் ஊற்றினோம். மெல்ல மெல்ல இழுப்பு குறைந்தது. ஒருநாள் பற்களுக்கு நடுவே அண்ணியின் சுண்டுவிரல் நுழைந்தது. இன்னொரு நாள் ஸ்பூன் நுழைந்தது. ஜன்னல் கம்பளியை ஒரு ஓரம் விலக்கினார்கள். கழுத்துக் குழாயை எடுத்துத் துளை மூடியபிறகு, காற்றுக் கலந்த குரலில் அண்ணன் கேட்ட முதல் வார்த்தை, "பொடவை?" அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "கல்யாணமே முடிஞ்சு போச்சுயா! பொடவையாம் பொடவை!"

அந்த நாட்களெல்லாம் எனக்கு ஒரு பக்கம் ஸ்தோத்திரம், ஒரு பக்கம் குடைச்சல். கேட்காமல் வந்தது அன்பா, கோழைத்தனமா? ஒருவேளை அவர் போயிருந்தால்? ஞானம்மாளுக்கு இருப்பது போல எனக்கும் காலமெல்லாம் தூக்கம் போயிருக்குமே. பிழைத்ததால் மட்டும் நான் செய்தது சரியாகிவிடுமா? பாத்திரம் தேய்க்கும்போதும் பாடம் நடத்தும்போதும் இதே கேள்வி.

ஐப்பசி மழைக்காலத்தில் அண்ணி சொல்லி அனுப்பினாள். மெர்சியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். ஐந்து வருஷத்துக்குப் பிறகு அந்த நிலைப்படியைத் தாண்டினேன். அண்ணன் இளைத்துப்போய்த் தறியில் உட்கார்ந்திருந்தார். காலில் புதுச் செருப்பு. டாக்டரம்மா உத்தரவு. கழுத்துக் குழியில் ஒரு தழும்பு.

"வா காமு" என்றார். கொஞ்ச நேரம் மெர்சியோடு விளையாடினார். பிறகு தலை நிமிராமலே, "அன்னிக்குக் கழுத்த அறுக்கறதுக்கு முன்னாடி உள்ள வந்தியே, இன்னாத்துக்கு?" என்றார்.

"சும்மா பாக்கத்தான்ணா."

"பொய் சொல்லாத. உங்க ஏசு கேட்டா கோச்சுக்கப் போறாரு." அண்ணி களுக்கென்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "அந்த ரூம்ல எறும்பு நடந்தாக்கூட எனக்குக் கேக்கும். அந்தப் பைபிளம்மா வெளிய நின்னு உன்கிட்ட சொன்னது கேக்காதா?"

நான் குனிந்து மெர்சியின் சட்டையை இழுத்துவிட்டேன்.

"நீ கேட்டிருந்தா கண்ண மூடியிருப்பேன்."

மூடியிருப்பாராம். நான் ஐந்து வருஷமாக முழங்காலில் நின்று கேட்ட பதில் ஒரு மூச்சுத் தூரத்தில் இருந்திருக்கிறது.

"அவ்ளோ பயம். அன்னிக்கு யாரு வந்து இன்னா கேட்டிருந்தாலும் சரின்னிருப்பேன். எமன் வந்து வரியான்னு கேட்டிருந்தாக்கூட. ஆனா ஒண்ணு காமு. நீ கேட்டு, நா கண்ண மூடி, அப்புறம் பொழச்சு எழுந்திருந்தா... ஆயுசுக்கும் உன் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன்."

இதைப் பின்னால் ஞானம்மாளிடம் சொன்னேன். பயத்தில் மூடிய கண்ணை ஆண்டவர் கணக்கில் எடுப்பாரா என்று கேட்டேன். "எனக்குத் தெரியல மகளே" என்றார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறவர் அவர்.

அன்றைக்கு அண்ணன் வீட்டில் பேச்சு அதோடு முடியவில்லை. அண்ணன் நாடாவைக் கீழே வைத்தார்.

"இன்னும் எனக்காக வேண்டிக்கிறியா?"

"தெனமும்."

"இன்னான்னு?"

நான் தலை குனிந்தேன்.

"அங்க ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் உக்காந்துக்கினு வாய மூடிக்கினு இன்னாத்தையோ கேட்டுக்கினே இருந்தீங்க. எறும்பு நடக்கறது கேட்டுது. அது மட்டும் கேக்கல. என்னப் பத்தின கேஸ், எனக்கே தெரியாம நடக்குது. இப்பச் சொல்லு. வாயத் தொறந்து, சத்தமா. நீ கேக்கறத நானும் கேக்கறேன். புடிக்கலன்னா நிறுத்துன்னு சொல்லிடறேன். இப்பதான் எனக்கு வாய் இருக்குதே."

மெர்சியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். சபையில் நூறு பேர் நடுவில் ஜெபித்திருக்கிறேன்; அன்றைக்கு என் தாடை திறக்க நேரமாயிற்று. அண்ணி வளையல் குலுங்காமல் ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொண்ட அசைவு தெரிந்தது.

"ஆண்டவரே, எங்க அண்ணன் ஏகாம்பரம்..." என்று ஆரம்பித்தேன். உயிர் கொடுத்ததற்கு நன்றி சொன்னேன். டாக்டரம்மாவுக்காக, நர்சம்மாவுக்காக, மேளத்தை நிறுத்திய உபயக்காரர்களுக்காகச் சொன்னேன். அண்ணன் கால் பலப்பட வேண்டும் என்று கேட்டேன். அதற்கு மேல் ஐந்து வருஷமாகக் கேட்கிற அந்த ஒன்றுதான் மிச்சம். அங்கே வந்து நின்றுவிட்டேன். கண்ணை லேசாகத் திறந்து பார்த்தேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம்" என்றார்.

கேட்டேன். ஒன்றையும் விடாமல், மழுப்பாமல், அவர் பெயரைச் சொல்லிச் சத்தமாகவே கேட்டேன். அவர் நிறுத்தச் சொல்லவில்லை.

முடித்தபோது, ஆமென் சொன்னவள் மெர்சி மட்டும்தான்.